உங்கள் நிறுவனத்தின் பெயரில் யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாமா? - டொமைனை ‘வெரிஃபை’ செய்வது ஏன், எப்படி?

கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. அனுப்புநர் இடத்தில் இருந்தது, அவருடன் சேர்ந்து கூகுளைத் தொடங்கிய செர்ஜி பிரினின் முகவரி. ஓர் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லி, நண்பருக்கு நண்பர் எழுதுவதுபோலச் சாதாரணமாக இருந்தது அந்த மெயில். ஆனால், அதை அனுப்பியது செர்ஜி பிரின் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஸாக்கரி ஹாரிஸ் என்ற கணிதவியலாளர்.

கதை தொடங்கியது 2011 டிசம்பரில். ‘கூகுளில் வேலைக்கு வர விருப்பமா?’ என்று கேட்டு ஹாரிஸுக்கு ஒரு மெயில் வந்தது. இது உண்மையிலேயே கூகுளிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்பட்டு நோண்டிப் பார்த்தார். மெயில் அசல்தான். ஆனால், அதை அசல் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் முத்திரை மிகவும் பலவீனமாக இருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதற்காக வைத்த புதிர்போல என்று நினைத்த அவர், அந்த முத்திரையை உடைத்து, செர்ஜி பிரின் பெயரில் லாரி பேஜுக்கே மெயில் அனுப்பிவிட்டார். பதில் எதுவும் வரவில்லை. இரண்டே நாளில் கூகுளின் முத்திரை மட்டும் சத்தமில்லாமல் மாறியிருந்தது. 2012 அக்டோபரில் ‘வயர்டு’ இதழ் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

கூகுளின் பெயரில் மெயில் அனுப்ப ஒரு கணிதவியலாளர் தேவைப்பட்டார். போன வாரம் டொமைன் வாங்கி, எந்த செட்டிங்ஸையும் தொடாமல் விட்ட ஒரு சின்ன நிறுவனத்தின் பெயரில் மெயில் அனுப்ப? கணிதமெல்லாம் தேவையே இல்லை.

‘ஸ்பேம்ல ஒரு தடவை பாருங்க சார்!’

புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமானதாக இருக்கும்.

“சார், கொட்டேஷன் அனுப்பிட்டேன். பார்த்தீங்களா?”

“எதுவும் வரலையேப்பா.”

“ஸ்பேம் ஃபோல்டர்ல ஒரு தடவை பாருங்க சார்...”

இத்தனைக்கும் ஆசை ஆசையாக டொமைன் வாங்கி, நிறுவனத்தின் பெயரிலேயே மெயில் ஐ.டி உருவாக்கி, விசிட்டிங் கார்டிலும் அச்சடித்திருப்பார்கள். தினசரி மெயிலுக்கு ஸோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ் போல ஒன்று; இன்வாய்ஸ், ஓ.டி.பி, நியூஸ்லெட்டர் அனுப்ப வேறொரு சேவை. எதில் கணக்குத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பது ‘உங்கள் டொமைனை வெரிஃபை செய்யுங்கள்’ என்ற அறிவிப்புதான். கீழே, தலையும் புரியாத வாலும் புரியாத மூன்று, நான்கு வரிகள். ‘இதை டி.என்.எஸ்ஸில் சேர்க்கவும்’ என்ற ஒற்றை வாக்கியம்.

பலர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று கடந்துவிடுகிறார்கள். சிலர் புரியாமலே காப்பி - பேஸ்ட் செய்கிறார்கள். அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்பது தெரிந்துவிட்டால், வேலை பாதி முடிந்த மாதிரி.

பணம் கட்டி வாங்கிய பெயர் நம்முடையது இல்லையா?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியது நினைவிருக்கிறதா? இடதுபுறம் ‘அனுப்புநர்’, அதன் கீழே ‘பெறுநர்’. அனுப்புநர் இடத்தில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று எழுதி அஞ்சல் பெட்டியில் போட்டாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அவர் பார்ப்பது பெறுநர் முகவரியைத்தான்.

மின்னஞ்சலும் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மெயிலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி என்ற நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அன்றைய இணையம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் இருந்த சின்ன ஊர். ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புநர் சொல்வது உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. இன்றும் உலகின் மெயில்கள் ஓடுவது அந்த அடித்தளத்தின் மேல்தான்.

ஆக, டொமைன் வாங்கினால் அந்தப் பெயரில் இணையதளம் வைக்கும் உரிமை கிடைக்கும். அந்தப் பெயரைப் போட்டு மற்றவர்கள் மெயில் அனுப்புவதை அது தானாகத் தடுக்காது. தடுப்பதற்கான வழிகள் எல்லாம் பிற்பாடு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டவை. உங்கள் திரையில் வந்து நிற்கும் அந்த மூன்று, நான்கு வரிகள் அவைதான்.

முதல் படி: ‘இது என் டொமைன்தான்’

டி.என்.எஸ் என்பது 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை. இணையத்தின் பொது அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு பலகை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால், ஒட்டும் அதிகாரம் அந்த டொமைனின் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு மட்டும்.

மெயில் சேவை முதலில் ஒரு ரகசிய எழுத்துத்தொடரைத் தந்து, ‘இதை உங்கள் பலகையில் ஒட்டுங்கள்’ என்கிறது. டி.எக்ஸ்.டி என்ற வகை ரெக்கார்டாக அதைச் சேர்க்கிறீர்கள். சேவை வந்து எட்டிப் பார்க்கிறது. அங்கே அது இருந்தால், பலகையின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

இது அந்தச் சேவைக்கும் உங்களுக்கும் இடையிலான அறிமுகம் மட்டும். உங்கள் மெயிலைப் பெறப்போகும் ஜிமெயிலுக்கோ அவுட்லுக்குக்கோ இதனால் எதுவும் தெரியாது. அவர்களுக்காகத்தான் அடுத்த மூன்று.

எஸ்.பி.எஃப்: வாட்ச்மேன் கையில் உள்ள பட்டியல்

அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேனிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெயர் இருந்தால் உள்ளே விடுவார். ‘என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்தந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி’ என்று பலகையில் ஒட்டிவைக்கும் பட்டியல்தான் எஸ்.பி.எஃப்.

இதன் கடைசிச் சொல் ‘ஆல்’. அதன் முன்னால் இருக்கும் குறியில்தான் எல்லாம் இருக்கிறது. மைனஸ் இருந்தால் ‘பட்டியலில் இல்லாதவர் யாருக்கும் அனுமதி இல்லை’. ‘~’ என்ற அலைக்குறி இருந்தால் ‘இல்லாதவர் வந்தால் சந்தேகத்தோடு பாருங்கள்’. பிளஸ் போட்டுவிட்டால் ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று பொருள். கேட்டைக் கழற்றி வைத்ததற்குச் சமம்.

எஸ்.பி.எஃப்புக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியை அது சோதிப்பதில்லை. டெலிவரி ஆகாவிட்டால் மெயில் எங்கே திரும்ப வேண்டும் என்பதற்காகப் பின்னணியில் இருக்கும் முகவரியைத்தான் சோதிக்கிறது. இரண்டு, ஒருவர் உங்கள் மெயிலை அப்படியே இன்னொரு முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகும்படி வைத்திருந்தால், நடுவில் வந்த சர்வர் பட்டியலில் இருக்காது. சோதனை தோற்றுவிடும்.

டி.கே.ஐ.எம்: அரக்கு முத்திரை

அடுத்தது முத்திரை. யாகூ உருவாக்கிய ஒரு முறையும் சிஸ்கோ உருவாக்கிய ஒரு முறையும் இணைந்து பிறந்தது டி.கே.ஐ.எம். இதில் இரண்டு சாவிகள். ரகசியச் சாவி மெயில் அனுப்பும் சர்வரிடம் இருக்கும். ஒவ்வொரு மெயிலிலும் அது முத்திரை குத்தும். பொதுச் சாவி உங்கள் டி.என்.எஸ் பலகையில் இருக்கும். பெறுபவர் அதை வைத்து முத்திரையைச் சரிபார்ப்பார். வழியில் யாராவது மெயிலின் உள்ளடக்கத்தை மாற்றியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. முத்திரை மெயிலோடவே போவதால், உள்ளடக்கம் மாறாத வரை ஃபார்வர்டு ஆனாலும் தாக்குப்பிடிக்கும்.

ஸாக்கரி ஹாரிஸ் உடைத்தது இந்த முத்திரையைத்தான். கூகுள் அப்போது பயன்படுத்தியது 512 பிட் நீளமுள்ள சாவி. அந்த அளவுள்ள சாவியை அமேசானின் வாடகைக் கணினிகளைக் கொண்டு சுமார் 72 மணி நேரத்தில், 75 டாலர் செலவில் உடைத்துவிடலாம் என்று அவர் வயர்டு இதழிடம் சொன்னார். கூகுள் உடனே மாறியது 2,048 பிட்டுக்கு. இன்று உங்கள் மெயில் சேவை ‘1,024-ஆ, 2,048-ஆ?’ என்று கேட்டால், யோசிக்காமல் 2,048-ஐத் தேர்ந்தெடுங்கள்.

டிமார்க்: பொருந்தாவிட்டால் என்ன செய்வது?

பட்டியல் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. இரண்டிலும் தோற்ற ஒரு மெயில் வந்தால், பெறுபவர் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ, பேபால் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2012 ஜனவரியில் அறிமுகப்படுத்திய டிமார்க், அந்த இடைவெளியை நிரப்பியது.

டிமார்க் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பொருத்தம் பார்ப்பது. எஸ்.பி.எஃப்பிலோ டி.கே.ஐ.எம்மிலோ தேறிய டொமைனும், கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனும் ஒன்றுதானா என்று பார்க்கிறது. எஸ்.பி.எஃப் விட்டுவைத்த முதல் ஓட்டையை இது அடைக்கிறது. இரண்டாவது, உத்தரவு. ‘நன்’ என்றால் எதுவும் செய்யாதே, தகவல் மட்டும் சொல். ‘குவாரன்டைன்’ என்றால் ஸ்பேமில் போடு. ‘ரிஜெக்ட்’ என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

‘அப்படியென்றால் முதல் நாளே ரிஜெக்ட் போட்டுவிடலாமே?’ என்று தோன்றலாம். 2014 ஏப்ரலில் யாகூ தன் டொமைனுக்கு அப்படிச் செய்தபோது, உலகம் முழுக்க மடலாடற்குழுக்கள் திணறின. யாகூ ஐ.டி வைத்திருந்தவர் குழுவுக்கு எழுதிய மெயில், குழுவின் சர்வர் வழியாக மற்றவர்களுக்குப் போனபோது, போலி என்று நிராகரிக்கப்பட்டது. அசல் ஆட்களின் அசல் மெயில்கள்!

அதனால் ‘நன்’ என்று தொடங்குவதுதான் நல்லது. டிமார்க் வரியில் ஒரு மெயில் ஐ.டி கொடுத்துவைத்தால், உங்கள் பெயரில் யார் யார் எங்கிருந்து மெயில் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கைகள் அதற்கு வரும். சில வாரங்கள் பாருங்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவு தனியாகப் பயன்படுத்தும் பில்லிங் சாஃப்ட்வேர், எப்போதோ இணைத்த சர்வே டூல் என்று மறந்துபோன ‘சொந்தக்காரர்கள்’ எல்லாம் அதில் வெளிப்படுவார்கள். அவர்களை முறைப்படுத்திய பிறகு குவாரன்டைன், பிறகு ரிஜெக்ட்.

இதெல்லாம் கட்டாயமா?

2024 வரை பல நிறுவனங்களுக்கு இது ‘இருந்தால் நல்லது’ ரகம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயிலைப் பொறுத்தவரை, மெயில் அனுப்பும் எல்லா டொமைன்களுக்கும் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் சுமார் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புபவர் என்றால் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். ‘இது ஸ்பேம்’ என்று பயனர்கள் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்கிறது கூகுள்.

2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக், ஹாட்மெயில், லைவ் முகவரிகளுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. அங்கேயும் நாளொன்றுக்கு 5,000 என்பதுதான் கோடு.

‘நாம அனுப்புறதே நாளைக்கு இருபது மெயில்தானே’ என்று விட்டுவிடவும் முடியாது. பழைய பெரிய டொமைன்களுக்கு நல்ல பெயர் சேர்ந்திருக்கும். புதிய டொமைனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நிலையில் அடையாளச் சான்றும் இல்லை என்றால், ஸ்பேம் ஃபில்டர் யோசிக்கவே யோசிக்காது.

எங்கே சறுக்குகிறார்கள்?

‘எல்லாத்தையும் சேர்த்துட்டேன், ஆனா வெரிஃபை ஆகல’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் சிக்கியிருப்பார்கள்.

1. தவறான பலகை: டொமைனை ஓரிடத்தில் வாங்கி, நேம்சர்வரை கிளவுட்ஃபிளேர் போன்ற வேறோர் இடத்துக்கு மாற்றியிருப்பார்கள். ரெக்கார்டுகளை வாங்கிய இடத்திலேயே சேர்த்தால் யார் கண்ணிலும் படாது. நேம்சர்வர் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் சேர்க்க வேண்டும்.

2. இரட்டிப்பாகும் பெயர்: பெரும்பாலான டி.என்.எஸ் பக்கங்கள், நீங்கள் தரும் பெயரின் பின்னால் டொமைனைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை பேஸ்ட் செய்தால், டொமைன் இரண்டு முறை வந்துவிடும். முன்பகுதியை மட்டும் கொடுங்கள். டொமைனின் பெயரையே குறிக்க வேண்டும் என்றால் பல இடங்களில் ‘@’ போட்டால் போதும்.

3. இரண்டு எஸ்.பி.எஃப்: ஸோஹோவுக்கு ஒன்று, நியூஸ்லெட்டருக்கு ஒன்று என்று இரண்டு வரிகள் சேர்த்தால், இரண்டுமே செல்லாது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப்தான். எல்லாச் சேவைகளையும் அந்த ஒரே வரிக்குள் சேர்க்க வேண்டும்.

4. பத்துக்கு மேல் போனால் ஆபத்து: அந்த ஒரே வரியும் கூடுதலாக 10 டி.என்.எஸ் தேடல்களைத்தான் கேட்கலாம். சேர்க்கும் ஒவ்வொரு சேவையும் தனக்குள் இரண்டு, மூன்று தேடல்களை வைத்திருக்கலாம். 10-ஐத் தாண்டினால் மொத்தமும் பிழையாகிவிடும்.

5. ஆரஞ்சு மேகம்: கிளவுட்ஃபிளேரில் சி-நேம் வகை ரெக்கார்டைச் சேர்க்கும்போது அருகில் உள்ள மேகம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், உண்மையான விடை மறைக்கப்படும். மெயில் ரெக்கார்டுகளுக்கு அதைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிடுங்கள்.

6. அவசரம்: சேர்த்த மாற்றம் சில நிமிடங்களிலேயே தெரியலாம், சில நேரம் ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து அழித்துச் சேர்த்தால், குழப்பம்தான் கூடும்.

பச்சை டிக் வந்துவிட்டது. முடிந்ததா?

இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘இந்த மெயில், இந்த டொமைனின் அனுமதியோடுதான் வந்திருக்கிறது.’ அனுப்பியவர் நல்லவரா, மெயில் இன்பாக்ஸுக்குப் போகுமா என்பதெல்லாம் வேறு கணக்கு. மோசடிக்காரரும் உங்கள் டொமைனைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் மாற்றி ஒரு டொமைன் வாங்கி, அதை முறையாக வெரிஃபை செய்ய முடியும். செய்கிறார்கள்.

விளைவு சின்னதல்ல. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று சப்ளையர் பெயரிலோ, முதலாளி பெயரிலோ மெயில் அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடியால், 2024-ல் மட்டும் சுமார் 277 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐக்குப் புகார்கள் வந்தன. ஆகவே, கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

போலி டொமைன்களின் தொல்லையால்தான் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென்றே ‘பேங்க் டாட் இன்’ என்ற தனி முடிவை 2025-ல் கொண்டுவந்தது. வங்கிகளைத் தவிர வேறு யாரும் அதை வாங்க முடியாது. சாதாரண நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை. இருக்கும் பலகையைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் வழி.

பத்திரம் என்றால், பழைய சீட்டுகளைக் கிழிப்பதும் அதில் அடக்கம். 2024 பிப்ரவரியில் கார்டியோ லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு விளம்பரத்துக்காக வேறொரு டொமைனுக்கு அனுமதி கொடுத்து, மறந்துவிட்டிருந்தன. அந்த டொமைன்கள் காலாவதியானதும் மோசடிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 8,000-க்கும் மேற்பட்ட டொமைன்களின் பெயரில், எஸ்.பி.எஃப் சோதனைகளிலும் தேறி, ஸ்பேம் பறந்தது. யாரும் எந்தச் சாவியையும் உடைக்கவில்லை. பலகையில் பழைய அனுமதிச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் நிறுவனத்திலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிரையல் பார்த்த ஒரு டூலின் ரெக்கார்டு, வேலையை விட்டுப்போன ஒருவர் சேர்த்த ஒரு சி-நேம் இன்னும் இருக்கலாம். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு, இணையதளம் செய்து கொடுத்தவரிடம் மட்டுமே இருக்கவும் கூடும். முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்குப் பாதுகாப்பையும் போடுங்கள். பலகையின் சாவி போனால் மற்ற எல்லாமே போச்சு.

இரண்டு நிமிடச் சோதனை

உங்கள் பிசினஸ் ஐ.டியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருந்தால் நிம்மதி. ஏதாவது ஒன்று ‘ஃபெயில்’ என்று வந்தாலோ, அந்த வரியே இல்லாவிட்டாலோ, இன்றைக்கே டி.என்.எஸ் பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

இன்வாய்ஸ் அனுப்பும் சேவை, நியூஸ்லெட்டர் சேவை என்று ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பது முக்கியம். ஒன்று தேறிவிட்டது என்பதற்காக மற்றதும் தேறியிருக்கும் என்று இல்லை. பெரும்பாலும் தோற்பது, பணம் கேட்டுப் போகும் அந்த இன்வாய்ஸ் மெயிலாகவே இருக்கக்கூடும்.